உங்கள் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம், இன்று எழுதியே தீர்வது என்று உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு பட்டியல் போட்டார். ஓய்வுக்குப் பிறகு குடியேறச் சிறந்த பசுமை நகரங்கள், மாசு குறைந்த நகரங்கள் என்று பத்து ஊர். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், கைகூப்பிய படங்கள். "சென்னையை விட்டுக் கிளம்புவதே புத்திசாலித்தனம்" என்று ஒரு முன்னாள் தலைமையாசிரியர். "இன்னும் அந்தப் புகையில என்ன பண்றீங்க டீச்சர், வீட்ட வித்துட்டுக் கிளம்புங்க" என்று எனக்கே ஒரு அறிவுரை.

அந்த அறிவுரைக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, வட சென்னையில் 34 ஆண்டுகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். வீடு எருக்கஞ்சேரி பக்கம். ஒரு புறம் கொடுங்கையூர் குப்பைமேடு, இன்னொரு புறம் மணலி தொழிற்சாலைகள். என் கணவருக்கு எட்டு வருடமாக வீசிங். மார்கழி வந்தால் மற்ற வீடுகளில் கோலப்பொடி வாங்குவார்கள், நாங்கள் நெபுலைசர் மருந்து வாங்கி அடுக்குவோம். போகி அன்று சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்போம். "கொஞ்ச நாள் வேற ஊர்ல இருந்து பாருங்களேன்" என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அதனால் நல்ல காற்றுள்ள ஊர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நான் கேலி செய்யப் போவதில்லை. இரவு இரண்டு மணிக்கு மனிதர் மூச்சுக்குத் திண்டாடும்போது முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கும் அந்த ஆசை உண்டு. என் கோபமெல்லாம் அந்தப் பட்டியல் மீது. அதைப் படித்து நாம் போடுகிற கணக்கு மீது.

மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மரம் நிறைய இருந்தால் பசுமை. தெரு பெருக்கியிருந்தால் சுத்தம். காற்றில் நுண்துகள் குறைவாக இருந்தால் மாசு குறைவு. மூன்றும் வேறு வேறு. ஒன்று இருந்தால் மற்ற இரண்டும் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்தூரைப் பாருங்கள். மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2017 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் முதலிடம் வாங்கிய நகரம். வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்க, நாளொன்றுக்கு 550 டன் கையாளும் ஆலையை 2022-இல் திறந்தார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், காற்றுத் தரம் அளவுகோலை எட்டவில்லை என்று குறிக்கப்பட்ட நகரங்களில் அதே இந்தூரும் ஒன்று. தெருவுக்குக் கிடைத்த பரிசு நுரையீரலுக்குச் சேராது.

அந்த அளவுகோலாவது சரியா? பி.எம். 2.5 என்று சொல்லப்படும் நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5. எட்டு மடங்கு வித்தியாசம். நம் பரீட்சையில் பாஸான ஊர், அங்கே ஃபெயில் ஆகலாம்.

இன்னொரு வாதம் கேட்கிறேன். "எங்க ஊர் பேரு மாசுப் பட்டியல்லயே வரல, அப்ப சுத்தம்தானே?" ஐயா, உங்கள் ஊரில் அளக்கும் கருவி இருக்கிறதா? பல ஊர்களில் கிடையாது. தெர்மாமீட்டர் வைக்காத பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா? கருவி இருக்கும் ஊரிலும் அது எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். மரமடர்ந்த அலுவலக வளாகத்தில் இருக்கும் கருவி, லாரிகள் போகிற சாலையோரத்து வீட்டின் கதையைச் சொல்லாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் கோவையில் வடவள்ளி பக்கம் இருக்கிறாள். டாக்டர் சொன்னதும் அவள்தான் பிடிவாதமாகக் கூட்டிப் போனாள். மாப்பிள்ளையும் "இங்கயே வந்துருங்க அத்தை, தண்ணியும் நல்லா இருக்கும், காத்தும் நல்லா இருக்குமுங்க" என்று உபசரித்தார். இரண்டு மாதம் இருந்தோம். பொய் சொல்ல மாட்டேன், அவருக்கு வீசிங் குறைந்தது. மாடியில் நின்றால் மருதமலை தெரிகிறது. காலையில் மயில் அகவுகிறது. தெருவில் ஒரு பேப்பர் கிடையாது. "பாத்தியாம்மா, இதுக்குப் பேருதான் ஊரு" என்றாள் மகள்.

ஒரு நாள் காலையில் குப்பை வண்டி வந்தது. வாளியைக் கொடுத்துவிட்டு, வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா, "இதெல்லாம் எங்கப்பா போகுது?" என்று கேட்டேன்.

"வெள்ளலூருக்குங்கம்மா" என்றார் அந்தத் தம்பி.

அடுத்த வாரமே போத்தனூரில் ஒரு உறவினர் வீட்டு வளைகாப்பு. வெள்ளலூர் அங்கிருந்து பக்கம்தான். விழா முடிந்து சாயங்காலம் வளையலும் கலந்த சாதமும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது காற்று திரும்பியது. அந்த வாடை எனக்குப் புதிதல்ல. நான் கொடுங்கையூர்க்காரி. வீட்டு அம்மா பேச்சை நிறுத்தாமல், யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக்கொண்டே போனார். பழகிப்போன கை. எங்கள் வீட்டில் நான் சாத்துவது போலவே.

எனக்கு அங்கேயே ஏதோ உடைந்துவிட்டது. ஊரெல்லாம் புகழும் அதே கோவைதான். ஒரு பக்கம் மயில், இன்னொரு பக்கம் இந்த வாடை. வடவள்ளியின் சுத்தமும் வெள்ளலூரின் நாற்றமும் தனித்தனி விஷயங்கள் இல்லை. என் மகள் வீட்டு வாளி இங்கே காலியாவதால்தான் அங்கே மேடு உயர்கிறது. 2024 ஏப்ரலில் அந்தக் குப்பைக்கிடங்கு தீப்பிடித்து நாள் கணக்கில் எரிந்ததே, அந்தப் புகையை மூச்சிழுத்தவர்கள் யார்? பசுமை நகரப் பட்டியல் படித்துக் குடிவந்தவர்களா?

கோவையைக் குறை சொல்கிறேன் என்று கொங்கு நண்பர்கள் கோபப்பட வேண்டாம். சென்னை மட்டும் என்ன யோக்கியம்? வடக்கே உள்ள பகுதிகளின் குப்பைக்கு கொடுங்கையூர், தெற்கே உள்ளவற்றுக்குப் பெருங்குடி. பெருங்குடி கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில். அந்தச் சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதே 2022 ஏப்ரலில்தான் அந்தக் கிடங்கும் பற்றி எரிந்தது. அடையாறிலும் அண்ணா நகரிலும் மரநிழலில் நடைப்பயிற்சி போகிறவர்கள் "எங்க ஏரியா எவ்வளவு பசுமை" என்று படம் போடும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாடு முழுக்க 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, 43 இடங்களை மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று அறிவித்தது. அதில் தமிழ்நாட்டில் நான்கு: வேலூர், கடலூர், மணலி, கோயம்புத்தூர். ஆம், என்னைத் தப்பி ஓடச் சொன்ன மணலியும், ஓடிப் போகச் சொன்ன கோயம்புத்தூரும் ஒரே பட்டியலில். பழைய பட்டியல்தான், தொழிற்பகுதிகளைப் பற்றியதுதான். ஆனால் ஒரு ஊருக்கு ஒரே ஒரு முகம் இல்லை என்பதற்கு இது போதும்.

இப்போது என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். குப்பைமேட்டை ஒட்டி வீடு. மேடு எரியும் நாட்களில் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமுவார்கள், மீதிப் பாதி வரவே மாட்டார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தே நேற்று இரவு எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், அதே தெருவில்தான் இருக்கிறாள். கோவையிலிருந்து திரும்பியதும் கடைத்தெருவில் பார்த்தேன். "நாங்க கூட வேற ஊருக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறோம்மா" என்று சொன்னேன்.

"நீங்க போயிடலாம் டீச்சர். உங்க வீட்ட வாங்க ஆள் வரும். எங்க வீட்ட யாரு வாங்குவா?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவள் நான்.

மாசு குறைந்த ஊரைத் "தேர்ந்தெடுப்பது" என்ற பேச்சே ஓய்வூதியமும் விற்க ஒரு வீடும் உள்ளவர்களின் பேச்சு. காற்றைக் கடைச்சரக்கு மாதிரி பார்த்து வாங்கலாம் என்று நம்புகிறோம். மனை விற்கிறவர்கள் அந்த நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். தென்னந்தோப்பை வெட்டி மனை போடுகிறார்கள், அதற்குப் பசுமை என்று பெயர் வைக்கிறார்கள், நுழைவாயிலில் நாலு அலங்காரப் பனை நடுகிறார்கள். அங்கே குடியேறும் நாமும் சும்மா போவதில்லை. கார், ஆழ்துளைக் கிணறு, தினம் ஒரு வாளி குப்பை எல்லாம் கூடவே போகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் குவிந்து, 2024-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டும் என்ற நிலை வந்ததே, அது ஏன்? எல்லோரும் நல்ல காற்றைத் தேடிப் போனதால்தான்.

"அப்போ நோயாளியைப் புகையிலேயே வைத்துக் கொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. மருத்துவர் போகச் சொன்னால் போங்கள். நாங்களும் இந்த மார்கழிக்கு மகள் வீட்டுக்குத்தான் போகப் போகிறோம். உயிர் முக்கியம். ஆனால் அதை மருந்து என்று சொல்லிக்கொண்டு போங்கள். புத்திசாலித்தனம் என்று சொல்லாதீர்கள். போக முடியாதவர்களை முட்டாள்கள் ஆக்காதீர்கள்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு டீச்சராக நாலு கேள்வி எழுதித் தருகிறேன். இந்த ஊர்க் குப்பை எங்கே போகிறது? கழிவுநீர் எந்த ஏரியில், எந்த ஆற்றில் விழுகிறது? காற்று எந்தத் திசையிலிருந்து வரும், அந்தத் திசையில் என்ன இருக்கிறது? காற்றை அளக்கும் கருவி எங்கே இருக்கிறது? மரம் எத்தனை என்று ஐந்தாவதாகக் கேளுங்கள்.

முதல் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. சுற்றுச்சூழல் பாடம் நடத்திய நான், பல வருடம் சோற்றையும் பிளாஸ்டிக்கையும் பழைய பேட்டரியையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்தவள். பள்ளி மைதானத்தில் சருகைக் குவித்துக் கொளுத்தச் சொன்னவளும் நான்தான். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் புகையில் என் பங்கும் உண்டு.

இப்போது மூன்று வாளி வைத்திருக்கிறேன். ஈரக் குப்பை மாடித் தொட்டியில் உரமாகிறது. இதனால் கொடுங்கையூர் மேடு கரைந்துவிடாது என்று தெரியும். சென்னையில் தினம் சேர்வது 5,000 டன்னுக்கு மேல். அதனால்தான் வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கேட்கச் சொல்கிறேன். அண்ணா நகர்க்காரர்கள் அண்ணா நகரில் கேளுங்கள்: எங்கள் குப்பையை எங்கள் வார்டிலேயே உரமாக்க இடம் எங்கே? கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று எங்கள் மக்கள் தெருவில் நிற்கிறார்கள். அதில் எரியப் போவது உங்கள் வீட்டுக் குப்பையும்தான். ஒரு நாளாவது வந்து பக்கத்தில் நில்லுங்கள்.

வீட்டை விற்கவில்லை. தை பிறந்ததும் திரும்பி வருவோம். குழுவில் அந்தப் பட்டியலைப் போட்ட நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை குப்பை வண்டி வரும்போது, வாளியைக் கொடுத்துவிட்டு உடனே உள்ளே போய்விடாதீர்கள். "எங்கப்பா போகுது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஊரின் பெயரைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மற்றவர்களும் எழுதுங்கள். நமக்கு அந்தப் பட்டியல்தான் முதலில் வேண்டும்.