கைபேசி நம்முடையது… கட்டுப்பாடு யாருடையது?



"காசு குடுத்து வாங்குன மாட்டோட கயிறு சந்தைக்காரன் கையிலயே இருந்தா, அது யாரு மாடுடா?" என்று எங்க அப்பா ஒரு நாள் கேட்டார். அவர் கேட்டது மாட்டைப் பற்றி அல்ல, புதுசாக வாங்கிய கைபேசியைப் பற்றி! அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும், எந்த ஃபாரம் வந்தாலும் நேராக என்னிடம்தான் வரும். "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறல்ல, நாம கேக்காம வந்திருக்கிற இந்த ரெண்டு மூணையும் எடுத்து உட்டுடு" என்றார். அவர் காட்டியது, பெட்டியைப் பிரிக்கும்போதே போனுக்குள் உட்கார்ந்திருந்த சமூக ஊடகச் செயலிகளை.

எடுக்க முடியவில்லை. 'அன்இன்ஸ்டால்' என்ற பட்டனே அங்கு கிடையாது. 'டிசேபிள்' என்று மட்டும்தான் இருந்தது. அன்று அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடிப் படித்ததில் எனக்குத் தோன்றியவைதான் இந்தக் கட்டுரை.

ஏன் எடுக்க முடியவில்லை?

முதலில் தொழில்நுட்பம். நாமாகப் போடும் செயலி வாடகை வீட்டில் கொண்டுவந்து வைக்கும் பீரோ மாதிரி. வேண்டாமென்றால் தூக்கி வெளியே போட்டுவிடலாம். ஆனால் கம்பெனியிலேயே சிஸ்டம் பகுதிக்குள் ஏற்றி அனுப்பும் செயலி, சுவரிலேயே பதித்துக் கட்டிய அலமாரி மாதிரி. அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே முடியும். நம்மால் அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. ஃபேக்டரி ரீசெட் அடித்தாலும் அது அப்படியே திரும்பி வரும். 'டிசேபிள்' செய்தால் அலமாரிக் கதவைச் சாத்துகிறோம், அவ்வளவுதான். அது பிடித்துக்கொண்ட இடம் நமக்குத் திரும்பக் கிடைக்காது.

இன்னொன்றும் பார்த்தேன். பல போன்களில் முகப்பில் தெரியும் ஃபேஸ்புக் செயலி தவிர, 'ஆப் மேனேஜர்', 'சர்வீசஸ்' என்ற பெயர்களில் அதன் துணைச் செயலிகளும் உள்ளே இருக்கும். முகப்பில் அவற்றுக்கு ஐகான் கூடக் கிடையாது. செட்டிங்ஸுக்குள் போய் 'சிஸ்டம் ஆப்ஸைக் காட்டு' என்று கேட்டால்தான் முகம் காட்டும்.

128, 256 ஜி.பி. போன் வைத்திருப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. 32 ஜி.பி. போனில்தான் வலிக்கும். எங்கள் வீட்டுப் போனில் பாடப் புத்தக பி.டி.எஃப். இறக்கப் போனால் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வரும். தங்கச்சியின் பிறந்தநாள் போட்டோக்களை அழித்துத்தான் இடம் பண்ண வேண்டியிருந்தது. போட்டோவை அழிக்கலாம், தேவையில்லாத செயலியை அழிக்கக் கூடாது என்றால் இது என்ன நியாயம்?

'சும்மா வருது, விடுப்பா' என்கிறார்கள் சிலர். சும்மா வரவில்லை நண்பர்களே! விலை குறைந்த போனில் தயாரிப்பாளருக்கு நிற்கும் லாபம் கொஞ்சம். அதை ஈடுகட்ட, செயலிக் கம்பெனிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே ஏற்றித் தருவது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம். ஆக, போன் விலையில் ஒரு பங்கை நாம் ரூபாயாகக் கட்டுகிறோம். மீதியை நம் இடத்தாலும், நேரத்தாலும், நம்மைப் பற்றிய விவரங்களாலும் கட்டுகிறோம்.

உலகம் என்ன சொன்னது?

போனுக்குள்ளேயே சமூக ஊடகத்தைக் கலந்து கொடுக்கும் முயற்சி புதிதல்ல. 2011-ல் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 5 பதிப்பில் ட்விட்டரும், 2012-ல் ஐ.ஓ.எஸ். 6 பதிப்பில் ஃபேஸ்புக்கும் செட்டிங்ஸுக்குள்ளேயே வந்தன. ஒரு தடவை பாஸ்வேர்டு கொடுத்துவிட்டால் போட்டோவை நேரே அனுப்பலாம். பலருக்கு அது பிடித்தது. 2017-ல் ஐ.ஓ.எஸ். 11 வந்தபோது ஆப்பிள் அந்த வசதியை எடுத்துவிட்டது. வந்தபோதும் யாரையும் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை!

2013 ஏப்ரலில் ஃபேஸ்புக் இன்னும் ஒரு படி மேலே போனது. 'ஃபேஸ்புக் ஹோம்' என்று போனின் முகப்பு முழுவதையுமே தன் பக்கமாக்கியது. அதற்கென்றே ஹெச்.டி.சி. ஃபர்ஸ்ட் என்ற போன் அமெரிக்காவில் வந்தது. ஒப்பந்தத்தோடு 99 டாலருக்கு விற்ற அந்தப் போனை ஒரு மாதத்துக்குள் 99 சென்டுக்கு இறக்கினார்கள். ஒரு ஸ்டார் கொடுத்துத் திட்டியவர்கள் ஏராளம். தாங்கள் அடுக்கி வைத்திருந்த முகப்பு காணாமல் போனதை அவர்கள் விரும்பவில்லை. ஃபேஸ்புக் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டுக்கு விருந்தாளியாக வா, வீட்டுக்காரனாக வராதே என்றுதான் சொன்னார்கள்.

2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஆப்பிள், சாம்சங், பிளாக்பெரி உட்படக் குறைந்தது 60 கருவித் தயாரிப்பாளர்களோடு ஃபேஸ்புக் விவரப் பகிர்வு ஒப்பந்தம் வைத்திருந்தது என்பதே அது. 2019 ஜனவரியில் சில சாம்சங் போன்களில் ஃபேஸ்புக்கை நீக்கவே முடியவில்லை என்ற புகார் செய்தியானது. டிசேபிள் செய்தால் நீக்கியதற்குச் சமம் என்பது ஃபேஸ்புக் சொன்ன பதில். சமம் என்றால் நீக்கவே விட்டுவிடலாமே! எங்க அப்பாவும் இதைத்தான் கேட்பார்.

நம் நாட்டில் நடந்தது

2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ஃபேஸ்புக் 'இன்டர்நெட்.ஆர்க்' திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. தொடங்கிய மாநிலங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. பின்னால் 'ஃப்ரீ பேஸிக்ஸ்' என்று பெயர் மாறியது. ஃபேஸ்புக்கும் அது சேர்த்துக்கொண்ட சில தளங்களும் இலவசம், மற்றதெல்லாம் காசு. ஏழைகளுக்கு உதவி என்றார்கள். ஆனால் ஏழைக்கு மட்டும் ஏன் ஜன்னல் வழியாக உலகம், வாசல் ஏன் இல்லை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இணைய சமநிலைக்காகப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8-ல் டிராய் இப்படிப்பட்ட பாரபட்சக் கட்டணங்களுக்குத் தடை போட்டது.

அடுத்து 2017 ஜூலையில் ஜியோபோன் அறிவிப்பு. 1,500 ரூபாய் திரும்பக் கிடைக்கும் டெபாசிட். கை ஓ.எஸ். என்ற இயங்குதளம். 2018-ல் ஃபேஸ்புக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் அதில் வந்தன. டச் போன் வாங்க முடியாதவர்கள் பட்டன் போனிலேயே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். ஆனால் 2024 ஜூனில் கை ஓ.எஸ். போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்குவது நின்றது. 2025 தொடக்கத்தில், ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் நின்றது. பழைய நோக்கியா எஸ்40 போன்களுக்கு இதே கதை 2018 டிசம்பர் 31-ல் நடந்தது. போன் நன்றாகத்தான் இருக்கும், பேட்டரி நிற்கும், ஆனால் எதற்காக வாங்கினார்களோ அது இருக்காது.

ஆகவே பிரச்சினைக்கு இரண்டு முனை இருக்கிறது. வேண்டாதவனுக்கு எடுக்க முடியவில்லை; வேண்டியவனுக்கு நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டிலும் முடிவு நம் கையில் இல்லை.

2022 அக்டோபர் 20-ல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் செயலிகளை மொத்தமாக முன்கூட்டியே ஏற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம். மேல்முறையீட்டில் சில உத்தரவுகள் ரத்தானாலும், 2023 மார்ச்சில் அபராதம் உறுதியானது.

2025 நவம்பர் 28-ல் தொலைத்தொடர்புத் துறை 'சஞ்சார் சாத்தி' செயலியை எல்லாப் புதுப் போனிலும் ஏற்றியே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க உதவும் நல்ல செயலிதான். ஆனாலும் நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 3-ஆம் தேதியே கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்கள். அரசாங்கம் ஏற்றினால் ஒரு வாரத்துக்குள் கேள்வி கேட்ட நாம், கம்பெனி ஏற்றினால் மட்டும் ஏன் பத்து வருஷமாகச் சும்மா இருக்கிறோம்? எனக்குத் தோன்றும் காரணம் இது: நீக்க முடியாத செயலிகளால் அதிகம் கஷ்டப்படுவது விலை குறைந்த போன் வைத்திருப்பவர்கள். அவர்கள் குரல் டி.வி. விவாதத்தில் கேட்பதில்லை.

நம்ம வகுப்பில் கேட்டேன்

ஒருவன் சொன்னான்: "எப்படியும் நாமளே போடத்தானே போறோம், ஏற்கெனவே இருந்தா டேட்டா மிச்சம்டா!" இன்னொரு தோழி: "வாட்ஸ்அப்ல அந்த நீல வளையம் வந்ததிலிருந்து எங்கம்மா கை பட்டு அது திறந்துக்குது, எடுக்க வழியே இல்ல." 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்த மெட்டா ஏ.ஐ.-யைத்தான் அவர் சொன்னார். மூன்றாவது நண்பன்: "நாம சொன்னா கேக்கவா போறாங்க?"

முதல் நண்பன் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று சொல்ல ஃபேஸ்புக் 'சேஃப்டி செக்' வசதியைச் சென்னைக்குத் திறந்தது. எங்கே படகு வேண்டும், எங்கே சோறு இருக்கிறது என்ற தகவல்கள் சமூக ஊடகத்தில் ஓடின. அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் பயனுள்ள பொருளைக் கடையில் வைத்தாலே ஜனங்கள் வாங்குவார்கள். ஆணி அடித்து வீட்டில் மாட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது நண்பனுக்கு என் பதில்: கேட்டால் கேட்கிறார்கள். டிராய் கேட்டது. ஐந்தே நாளில் மத்திய அரசு கேட்டது. அமெரிக்காவில் வாங்காமல் விட்டே ஒரு போனைத் தோற்கடித்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

தாம்பரத்திலிருந்து புறப்படும் கம்பெனி பஸ்களில் நம் சீனியர்கள் எத்தனை பேர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள்! 2006 முதல் 2014 வரை நோக்கியா அங்கே போன் செய்தது. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. போனைப் பூட்டுவது நம் ஊர்க் கைகள். ஆனால் அதற்குள் என்ன இருக்க வேண்டும், எதை நீக்கலாம் என்று முடிவு செய்யும் மேஜை நம் ஊரில் இல்லை. டிப்ளமோ படிக்கும் நாம் ஸ்க்ரூ முடுக்குவதோடு நிற்காமல் அந்த மேஜை வரை போக வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று: போன் வாங்கும்போது கடைக்காரரிடம் "32 ஜி.பி.-ல காலி இடம் எவ்வளவு? எதெல்லாம் நீக்க முடியாது?" என்று கேளுங்கள். பெட்டியின் மேலேயே இதை அச்சிட வேண்டும் என்று சட்டம் கேட்போம். பிஸ்கட் பாக்கெட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று போடுகிறார்கள். போனில் ஏன் போடக்கூடாது?

இரண்டு: நம் மாணவர் மன்றமும் என்.எஸ்.எஸ். அமைப்பும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு முகாம் நடத்தலாம். பெற்றோர்களின் போனில் தேவையில்லாத செயலிகளை டிசேபிள் செய்வது, மைக், கேமரா, கான்டாக்ட்ஸ் பர்மிஷன்களைச் சரிபார்ப்பது. பத்து நிமிஷ வேலை. நமக்கு விளையாட்டு, அவர்களுக்குப் பெரிய உதவி.

மூன்று: பரீட்சைக் கட்டணக் கடைசித் தேதி, ஸ்காலர்ஷிப் அறிவிப்பு எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வந்தால் போதாது. அது நோட்டீஸ் போர்டிலும் இருக்க வேண்டும். ஒரு தனியார் செயலி இருந்தால்தான் மாணவன் என்ற நிலை வரக்கூடாது. போன் ரிப்பேரான பையனும் நம் நண்பன்தான்.

நான்கு: நாளை நாமே ஒரு செயலியோ கருவியோ செய்தால், அதில் 'நீக்கு' என்ற பட்டனை முதலில் வைப்போம். பிடித்தவர் வைத்துக்கொள்ளட்டும், பிடிக்காதவர் எடுத்துவிடட்டும்.

விஞ்ஞானம் மனிதனுக்கு வேலைக்காரனாக இருக்க வேண்டும், எஜமானாக அல்ல என்று மேடைகளில் பேசுகிறோம். அந்தப் பேச்சு நிஜமாக வேண்டுமென்றால், ஏழாயிரம் ரூபாய் போன் வைத்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கும் தன் போனில் 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். கேட்போம் நண்பர்களே, சேர்ந்தே கேட்போம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு