ரத்தத்தில் ஓடும் வண்டிகள்

கொரோனா நோய் கடுமையாயிருந்த 2021-ம் வருஷத்தில், விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் சிறு கருவியொன்று பல வீடுகளில் வந்து புகுந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நோய் தணிந்த பிறகும் எங்கள் அலமாரியில் அது கிடந்தது. சென்ற வருஷம் என் தமக்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். மாடிப்படியில் பாதி ஏறியவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். உடனே கருவியை எடுத்து அவள் விரலில் மாட்டினேன். 98 என்று காட்டிற்று.

"குறை ஒன்றுமில்லை, அக்கா" என்றேன்.

"அப்படியானால் எனக்கு வந்திருப்பது சோம்பல்தானா, தம்பி? வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள்" என்றாள் அவள்.

பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடம் போதிக்கும் எனக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. கருவி பொய் சொல்லவில்லை. அது சொன்னதை நான்தான் தவறாக அர்த்தம் செய்துகொண்டேன்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதனுடைய தேகத்துக்கு நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் பிராணவாயு வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் ஹிருதயம் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஆனால் சர்க்கரை நீரில் கரைவதுபோல் ரத்தத்தில் நேராகக் கரையும் பிராணவாயு மிகச் சொற்பம். லிட்டருக்கு 3 மில்லி லிட்டர்தான். அதை மட்டும் நம்பியிருந்தால் நாம் சில நிமிஷங்கள்கூட உயிர் தரிக்க முடியாது.

ஆகையால் இயற்கை வண்டிகளை ஏற்படுத்தியிருக்கிறது. அவையே சிவப்பணுக்கள். ஒரு துளி ரத்தத்திலேயே கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஹிமோக்ளோபின் என்னும் பொருள் நிறைந்திருக்கிறது. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பணுக்கள் உண்டு. நுரையீரலில் பிராணவாயு வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் அவைதாம். இந்த ஏற்பாட்டினால் ஒரு லிட்டர் ரத்தம் ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் சுமந்து செல்லுகிறது.

ஏற்றிய சரக்கை எங்கே இறக்குவது என்று வண்டிக்கு எப்படித் தெரியும்? உழைக்கும் தசையில் பிராணவாயு குறைந்து, கரியமில வாயுவும் அமிலமும் சூடும் மிகுந்திருக்கும். அவ்விடத்தில் ஹிமோக்ளோபினின் பிடி தானாகவே தளர்ந்துவிடுகிறது. கரியமில வாயுவின் இந்தக் காரியத்தை டென்மார்க் தேசத்துக் கிறிஸ்டியன் போர் என்பவரும் அவருடைய தோழர்களும் 1904-ல் எடுத்துக் காட்டினார்கள். எங்கே உழைப்பு அதிகமோ அங்கே அதிகமாக இறக்க வேண்டும். இதைவிட நியாயமான பங்கீடு வேறு உண்டோ?

இனி, விரல் கருவிக்கு வருவோம். பிராணவாயு ஏறிய ரத்தம் நல்ல சிவப்பு. இறக்கிய ரத்தம் கருஞ்சிவப்பு. கருவி விரலினூடே ஒளியைச் செலுத்தி, இந்த வித்தியாசத்தைக் கொண்டு, ஹிமோக்ளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. அதாவது, ஓடுகிற வண்டிகளில் சரக்கு நிறைந்திருக்கிறதா என்று சொல்லும். வண்டிகள் போதுமான அளவு இருக்கின்றனவா என்று சொல்லாது!

டாக்டர் என் தமக்கையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்; வெளுத்திருந்தது. ரத்தத்தைச் சோதித்ததில் ஹிமோக்ளோபின் 100 மில்லி லிட்டருக்கு 8 கிராம்தான் இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 வேண்டும். இருக்கும் சில வண்டிகளைக் கொண்டு காரியத்தைச் சமாளிக்க ஹிருதயம் வேகமாக அடித்துக்கொண்டது; மூச்சு வாங்கிற்று. இதற்குத்தான் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தோம்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசீயக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுள்ள நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருக்கக் கண்டார்கள். இரும்புச் சத்துக் குறைவு இதற்கு முக்கிய காரணம். கொக்கிப் புழு முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆகவே வைத்தியரிடம் காட்டியே மருந்து கொள்ள வேண்டும். கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ அருந்தினால் அது தடைப்படும்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் உண்ணும் பெண்மணி நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறாள். அவள் படியில் நின்று மூச்சு வாங்கினால், குறை சொல்லுமுன் அவள் கீழ் இமையைச் சற்றுப் பாருங்கள்.