நாலு சக்கரமும் இழுக்கும், சரி. நிறுத்தப் போவது யார்?

நண்பர்களே, இது நீண்ட பதிவு. டிசம்பர், ஜனவரியில் மணாலி, காஷ்மீர் என்று டிக்கெட் போட்டிருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

என் பழைய மாணவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதுகிறார்: "ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாடகைக்குப் பேசியாச்சு சார், இனிமே பனியாவது மண்ணாவது." அதற்கு வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். இன்னொருவர், "கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் அசால்ட்டா ஏறினவன் நான்" என்கிறார். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இரண்டு பேச்சும் ஆளைக் கொல்லும் பேச்சு. அதனால்தான் இதைப் பொதுவெளியில் எழுதுகிறேன்.

முதலில் கொல்லிமலைக்காரருக்கு. கொல்லிமலையில் உங்கள் டயருக்குக் கீழே தார் இருக்கிறது. ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி திரும்பும், பிரேக் மிதித்தால் நிற்கும். உங்கள் திறமை முழுவதும் அந்தப் பிடிமானத்தின் மேல் கட்டியது. பனியில் அந்த அஸ்திவாரமே இல்லை.

கணக்காகவே பார்ப்போம். காய்ந்த தார் ரோட்டில் உராய்வு எண் சுமார் 0.7. இறுகி உறைந்த பனிக்கட்டியில் சுமார் 0.1. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டால், காய்ந்த ரோட்டில் சுமார் 9 மீட்டரில் வண்டி நின்றுவிடும். உறைபனியில் அதே வண்டி, அதே பிரேக், அதே டிரைவர்: 63 மீட்டர். இது சமதளத்தில். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் என்ன ஆகும்? சரிவு கீழே இழுக்கும் விசையும் உராய்வு பிடிக்கும் விசையும் சமமாகிவிடும். அதாவது வண்டி நிற்கவே நிற்காது. பிரேக் பெடல் தரையைத் தொட்டாலும் நிற்காது. டிரைவர் வெளியே குதித்துவிட, லாரி தானாகச் சறுக்கிக்கொண்டு போகும் காணொலிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது பேயும் இல்லை, பிரேக் பழுதும் இல்லை. வெறும் பள்ளிக்கூட இயற்பியல்.

இப்போது ஃபோர் வீல் டிரைவ் தம்பிக்கு. எஞ்சின் சக்தி நாலு சக்கரத்துக்கும் போவதால் வண்டி கிளம்பும், ஏறும். ஆனால் பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்தில்தான் இருக்கிறது. ஆல்டோவுக்கும் நாலு, தாருக்கும் நாலு. நிறுத்துவதிலும் திருப்புவதிலும் உங்களுக்குச் சல்லிக்காசு சலுகை கிடையாது. அதைவிட மோசம், சின்னக் கார்க்காரன் ஏற முடியாமல் கீழேயே நின்று பிழைத்துக்கொள்வான். நீங்கள் ஏறிவிடுவீர்கள். ஏறினவர் இறங்கியாக வேண்டும்.

"அப்படியென்றால் போலீஸே ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டும் ஏன் விடுகிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பனி விழுந்த நாளில் சோலங்குக்கு மேலே அந்த வண்டிகளையோ, சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிகளையோதான் விடுகிறார்கள். ஏற்றத்தில் நாலு கார் சிக்கிக்கொண்டால் ரோடே அடைபடும் என்பதற்காக. அதை "உனக்கு ஆபத்தில்லை" என்ற சான்றிதழாக வாசித்தது நாம்.

முன்பெல்லாம் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோத்தாங் கணவாய் குளிர்காலத்தில் மூடிவிடும். 2020 அக்டோபர் 3 அன்று 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, நடுக்குளிரில் நம்ம ஊர்க்காரரும் லாஹௌல் பக்கம் எட்டிப் பார்க்க முடிகிறது. மகிழ்ச்சி. ஆனால் சுரங்கத்துக்குள் ரோடு காய்ந்திருக்கும். அதே வேகத்தில் வெளியே வந்தால் வாசலில் உறைபனி காத்திருக்கும். பாலத்தின் மேலும், வெயில் படாத மலை நிழல் வளைவிலும் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பனி கண்ணாடி போலப் படிந்திருக்கும். பார்த்தால் ஈரத் தார் மாதிரிதான் இருக்கும். 2024 டிசம்பர் கடைசியில் சோலங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஆயிரம் வண்டிகள் வரை சிக்கியதாகச் செய்தி வந்தது. அதில் எத்தனையோ வண்டிகள் பெரிய, விலை உயர்ந்த வண்டிகள்தான்.

வண்டிக்கு வண்டி பாடம் வேறு. ஸ்விஃப்ட், ஆல்டோ போன்றவை முன்சக்கரத்தில் இழுப்பவை. சங்கிலி முன்சக்கரத்துக்கு. பொலிரோ, பழைய இன்னோவா, டெம்போ டிராவலர் பின்சக்கரத்தில் தள்ளுபவை. சங்கிலி பின்சக்கரத்துக்கு. மாற்றி மாட்டினால் மாட்டாததற்குச் சமம். ஏற்றம் தொடங்கும் முன் சமதளத்திலேயே மாட்டிவிட்டு, 30 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள். டிராவலர், பஸ் என்றால் எடையும் உயரமும் சேர்ந்துகொள்ளும். வளைவில் பின்பக்கம் வீசத் தொடங்கினால் பதினைந்து உயிர் ஒன்றாகப் போகும். பேட்டரி காரில் ஆக்சிலேட்டரை விட்டவுடன் மோட்டாரே பிரேக் பிடிக்கும். அதுவே சறுக்கப் போதும், அதனால் அந்த அமைப்பைக் குறைத்து வையுங்கள். குளிரில் சார்ஜும் சீக்கிரம் தீரும். பைக்கா? பனியில் பைக் வேண்டாம். அதற்கு மேல் அதில் பாடம் இல்லை.

எல்லா வண்டிக்கும் பொது விதி: கிளம்புவது, திருப்புவது, நிறுத்துவது, மூன்றும் மெதுவாக. இரண்டாம் கியரில் கிளம்புங்கள். இறங்கும்போது சின்ன கியர். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், அது நின்றால் திரும்பக் கிளம்பாது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் நம்ம ஊர்ப் பழக்கம் அங்கே எஞ்சினையே பிளக்கும். உறைந்த தண்ணீர் விரியும் என்று ஏழாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறோம். பனியில் சிக்கி நின்றால் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் அள்ளிப் போடுங்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனிப்புயலில் நின்ற கார்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குளிர் மட்டும் கொல்லவில்லை. ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு, புகை போக வழியில்லாமல் போனதும் கொன்றது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இவ்வளவும் சொன்னது, உண்மையில் சொல்ல வந்ததற்காக. என் கோபம் வண்டி மேல் இல்லை. நாம் டிரைவரை நடத்தும் விதத்தின் மேல்.

ஓய்வு பெற்ற நாங்கள் இருபது பேர் அங்கே போயிருந்தோம். முந்தின இரவு பனி விழுந்திருந்தது. ஓரிடத்தில் அந்த ஊர் டிரைவர், இருபத்தைந்து வயதுப் பையன், வண்டியை ஓரம் கட்டி, "இதுக்கு மேல போகாது" என்று இந்தியில் சொல்லிவிட்டான். எங்களில் சிலர் குதித்தார்கள். "காசு கொடுத்திருக்கோம், பையா! முன்னாடி அந்த வண்டி போகுதே!" டூர் ஏற்பாட்டாளருக்குப் போன் போனது. அவரும் பையனை மிரட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் அவன் பக்கம் நின்றதால் வண்டி திரும்பியது. திரும்பும் வழியெல்லாம் எங்கள் மூவரையும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை, பேசுவதற்கு எல்லோரும் உயிரோடு இருந்தோம்.

அந்தப் பையனுக்கு வண்டிக் கடன் இருக்கும். சீசன் போனால் வருமானம் இல்லை. ஒரு கெட்ட ரேட்டிங் விழுந்தால் அடுத்த சவாரி கிடைக்காது. அப்படிப்பட்டவனிடம் "போ" என்று சொல்வது வேண்டுகோள் இல்லை, கட்டாயம். அவன் பயந்து ஏறி வண்டி உருண்டால் மறுநாள் செய்தியில் "டிரைவரின் கவனக்குறைவு" என்று வரும். பின்சீட்டில் உட்கார்ந்து விரட்டியவர்களின் கவனக்குறைவு எந்தச் செய்தியிலும் வராது.

நார்வே, ஸ்வீடன், பின்லாந்தில் வழுக்கும் தளத்தில் பயிற்சி எடுத்தால்தான் லைசென்ஸ். நாம் வெயிலில் எட்டு போட்டு வாங்கிய லைசென்ஸோடு பனிமலைக்குப் போகிறோம். அது குற்றம் இல்லை, இங்கே வழுக்குவதற்குப் பனி இல்லை. ஆனால் தெரியாத பாடத்தில் தெரிந்தவன் பேச்சைக் கேட்பதுதான் படிப்பு.

ஆகவே டூர் நடத்துகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. "பனி விழுந்தால் டிரைவர் முடிவே இறுதி, அதற்காக அவர் கூலி பிடிக்கப்படாது" என்று பேக்கேஜ் தாளில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். போகிறவர்களே, அந்த வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பனியைத் தொட்டுப் பார்க்கவில்லையே என்று வருத்தம் வந்தால் ஜனவரி விடியலில் ஊட்டி தலைகுந்தா போங்கள். புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாய்க் கிடக்கும். அங்கேயும் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பின்னூட்டத்தில் எழுதலாம். திட்டுவதென்றாலும் எழுத்துப் பிழையில்லாமல் திட்டுங்கள். ஃபோர் வீல் டிரைவ் தம்பி, உனக்கு மட்டும் தனியாக ஒன்று: அந்த 63 மீட்டர் கணக்கை நீயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.