முதல் ஹெலிகாப்டர்: விரலுக்கேற்ற வீக்கம்



தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஓய்வு நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓர் அட்டைப் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி என் மேசைக்கு அருகில் வந்து நின்றான். திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு விளையாட்டு ஹெலிகாப்டர். மேல் இறக்கை இரண்டும் முறிந்திருந்தன. வால் வளைந்திருந்தது.

"சார், இது எனக்கு வராது சார். நான் மக்கு" என்றான்.

அவனுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். பட்டணத்து இரவுச் சந்தையில் 280 வெள்ளி கொடுத்து வாங்கி வந்தாராம். அன்று மாலையே லயத்து வாசலில், அக்கம் பக்கத்தார் எல்லாம் கூடி நிற்க, பையன் விசையைத் தள்ளியிருக்கிறான். அது குதித்து எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, துணிக்கொடியில் மாட்டி, சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறது. எல்லாம் அரை நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. "அப்பா திட்டலை சார். ஆனா ரெண்டு நாளா பேசலை" என்று சொல்லிவிட்டு அழுதான்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 280 வெள்ளி என்பது நாலு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. அந்த அப்பாவின் மௌனத்தில் கோபம் குறைவு, வலிதான் அதிகம் என்பது எனக்குத் தெரியும்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். "6 சேனல்" என்று அச்சிட்டிருந்தது. தலைகீழாகப் பறப்பது போல் படமும் போட்டிருந்தார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சைக்கிள் ஓட்டத் தெரியாத பிள்ளையின் கையில் பந்தய மோட்டார் சைக்கிளைக் கொடுத்திருக்கிறார்கள். பையன் மக்கு அல்லன். வாங்கிய பொருள்தான் அவனுக்கு ஏற்றதல்ல.

இப்படி ஏமாறுகிற குடும்பம் இது ஒன்று மட்டுமல்ல. ஆகவே இந்த மாதம் இதைப் பற்றியே எழுதுகிறேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் பெற்றவன். ஆனால் பள்ளி அறிவியல் மூலைக்காக இத்தகைய ஹெலிகாப்டர்களை வாங்கி, உடைத்து, ஒட்டி, மறுபடி உடைத்துக் கற்றுக்கொண்டவன். முதல் நாளே கூரை மின்விசிறியை நிறுத்த மறந்து, பிள்ளைகள் முன்னால் அவமானப்பட்டவனும் நானே.

ஏன் இது கடினம்?

நம் வயதுக்காரர்களுக்கு நூரி ஹெலிகாப்டரை நினைவிருக்கும். 1968 முதல் நம் நாட்டு விமானப் படையில் உழைத்த வண்டி அது. வெள்ளக் காலத்தில் அதன் சத்தம் கேட்டால் லயம் முழுவதும் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்க்கும். அந்த நூரியைச் செய்த அமெரிக்க நிறுவனத்தைத் தொடங்கியவர் இகோர் சிகோர்ஸ்கி. அவர் 1939ஆம் ஆண்டில் பறக்கவிட்ட சோதனை ஹெலிகாப்டர்தான், மேலே ஒரு பெரிய விசிறி, வாலில் ஒரு சின்ன விசிறி என்ற அமைப்பு உலகெங்கும் பரவ வழி வகுத்தது.

அந்த வால் விசிறி எதற்கு? அலுவலகத்தில் கிராணியார் உட்காரும் சுழல் நாற்காலியில் ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். கால் தரையில் படக் கூடாது. கைகளை நீட்டி வேகமாக வலப் பக்கம் வீசச் சொல்லுங்கள். நாற்காலி இடப் பக்கம் திரும்பும். ஹெலிகாப்டரிலும் இதே கதைதான். மேல் விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது வால் விசிறியின் வேலை.

காகித விமானத்தை எறிந்தால் அதுவாகவே மிதந்து போகும். ஹெலிகாப்டர் அப்படியல்ல. கவிழ்த்து வைத்த தட்டின் மேல் கோலிக்குண்டை நிறுத்துவது போன்றது அதை ஓரிடத்தில் நிறுத்துவது. ஒவ்வொரு நொடியும் விரல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று வகை

கடையில் நூறு பெட்டிகள் அடுக்கியிருந்தாலும், அடிப்படையில் மூன்று வகைதான்.

முதலாவது, இரட்டை விசிறி வகை. ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு விசிறிகள். ஒன்று வலப்புறமும் மற்றது இடப்புறமும் சுற்றும். ஒன்றின் இழுப்பை மற்றொன்று சரிக்கட்டிவிடுகிறது. உச்சியில் எடை வைத்த ஒரு கம்பி சுழன்று, ஹெலிகாப்டரைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். வாலில் படுக்கை வாட்டில் இருக்கும் குட்டி விசிறி முன்னும் பின்னும் நகர்த்தும். பெரும்பாலும் 3 சேனல்: ஏறி இறங்குதல், இடம் வலம் திரும்புதல், முன் பின் போதல். சைமா எஸ்107 என்ற குட்டி இந்த வகையில் பெயர் பெற்றது. காற்று வீசினால் இதன் பாச்சா பலிக்காது. மண்டபத்திலும் வகுப்பறையிலும் வீட்டுக்குள்ளும் பறக்க விடலாம்.

இரண்டாவது, மேலே ஒற்றை விசிறி, வாலில் ஒரு விசிறி, 4 சேனல் உள்ள வகை. பக்கவாட்டில் நழுவிப் போவது நாலாவது அசைவு. பார்க்க உண்மை ஹெலிகாப்டர் போலவே இருக்கும். விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏற்றி இறக்குவார்கள். வி911 என்ற குட்டி இந்த வகை. அண்மைக் காலத்தில் வருபவற்றில் சில, காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைத் தாமே பிடித்து வைத்துக்கொள்கின்றன. கைப்பிடியை நடுவில் விட்டால் அதே உயரத்தில் நிற்கும். அத்தகையது கிடைத்தால் இந்த வகையிலும் முதல் பாடம் தொடங்கலாம்.

மூன்றாவதுதான் நம் மாணவனின் பெட்டியில் இருந்தது. இதில் விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்க, இறக்கையின் சாய்வு மாறும். சாய்வை மாற்றி ஏற்றலாம், இறக்கலாம், தலைகீழாகவும் பறக்கலாம். விரல் கால் அங்குலம் தவறினால் ஒரு நொடியில் தரையில் இருக்கும். மற்றவற்றில் தேறியவர்களும், கணினியில் பறத்தல் பயிற்சி செய்துவிட்டுத்தான் இதைத் தொடுவார்கள்.

இந்த வகையில் பெரியவை விளையாட்டுப் பொருளே அல்ல. அவற்றின் இறக்கை நிமிடத்திற்கு ஏறக்குறைய 2,000 முறை சுற்றும். 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில், இதில் நன்கு தேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவர், தம்முடைய ஹெலிகாப்டரின் இறக்கை தலையில் பட்டு உயிரிழந்தார். பயமுறுத்த எழுதவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது?

பெட்டியில் உள்ள எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். "6 அச்சு கைரோ" என்பதும் "6 சேனல்" என்பதும் ஒன்றல்ல. கைரோ என்பது ஹெலிகாப்டர் சாய்வதை உணர்ந்து தானே திருத்தும் கருவி. அது இருப்பது நல்லது. சேனல் என்பது நாம் கையாள வேண்டிய கட்டளைகளின் எண்ணிக்கை. தொடக்கத்தில் அது குறைவாக இருப்பதே நல்லது. "மூன்றரை சேனல்" என்று போட்டிருந்தால் மூன்று என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அரையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்து, கட்டுப்படுத்தும் கருவி. சில மலிவான பொருள்கள் தொலைக்காட்சி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் இயங்கும். வெயிலில் கொண்டு போனால் சொன்ன பேச்சைக் கேட்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அது வானொலி அலை, வெயில் தடுக்காது. அதில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிக முக்கியமான கேள்வி இதுதான்: "இறக்கை தனியாகக் கிடைக்குமா?" இறக்கை, பற்சக்கரம், வால் விசிறி, பேட்டரி ஆகியவை தனியாகக் கிடைக்காத ஹெலிகாப்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழகும் கை உடைக்கத்தான் செய்யும். பையில் உள்ள பணம் முழுவதையும் பொம்மைக்கே கொடுத்துவிடாமல், மாற்று இறக்கைக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

பேட்டரியில் கவனம்

பெரும்பாலும் லித்தியம் வகைப் பேட்டரிதான் இருக்கும். குட்டி ஹெலிகாப்டர்கள் ஐந்து முதல் எட்டு நிமிடம் பறக்கும். பிறகு முக்கால் மணி, ஒரு மணி நேரம் மின்னூட்ட வேண்டும். "அவ்வளவுதானா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இதை வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பறந்து முடிந்த சூட்டிலேயே மின்னூட்டாதீர்கள். கால் மணி நேரம் ஆறவிடுங்கள். மெத்தை மேலோ, துணிக் குவியலுக்கு அருகிலோ, எல்லாரும் தூங்கும் நேரத்திலோ மின்னூட்டக் கூடாது. நம் லயங்களில் பல இன்னும் பலகைச் சுவர் என்பதை மறக்க வேண்டாம். உப்பிப்போன பேட்டரியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது. பட்டணத்தில் மின்பொருள் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

எப்படிப் பழகுவது?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஹெலிகாப்டரின் வால் உங்களை நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் உங்கள் வலமும் அதன் வலமும் ஒன்றாக இருக்கும். முகம் உங்களைப் பார்த்தால் வலம் இடமாக மாறிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். அந்தப் பாடம் கடைசியில்.

தரையை ஒட்டிப் பறந்தால் விசிறிக் காற்று தரையில் பட்டுத் திரும்பி ஹெலிகாப்டரை ஆட்டும். ஆகவே பயந்து பயந்து கணுக்கால் உயரத்தில் வைத்திருக்காமல், இடுப்பு உயரத்திற்கு நிதானமாக ஏற்றுங்கள். முதல் வாரம் ஏற்றுவது, நிறுத்துவது, இறக்குவது மட்டும். பிறகு திரும்புதல். அதன் பிறகு முன்னோக்கிப் போதல்.

எதிலாவது மோதப் போகிறது என்று தெரிந்தால் உடனே விசையை முழுவதும் குறையுங்கள். சுற்றிக்கொண்டே மோதினால் இறக்கையும் பல்சக்கரமும் போகும். நின்றுபோய் விழுந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சின்னப் பிள்ளைகளின் முகத்திற்கு அருகிலும், விரித்த கூந்தலுக்கு அருகிலும் பறக்க விடக் கூடாது. மின்கம்பியில் மாட்டினால் அது போனது போனதுதான். கொக்கித்தடி எடுத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். விமான நிலையப் பக்கம் பறக்க விடக் கூடாது, 400 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற சட்டமும் உண்டு. நம் குட்டிகள் அவ்வளவு தூரம் போகா; பின்னாளில் பெரியது வாங்குகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

அவனுடைய அப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப் பேசினேன். "அண்ணே, உங்க பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்லை. இது பெரியவங்களே பழக மாசக்கணக்குல ஆகுற சாமான்" என்றேன். அவர் சிறிது நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைக்காரன் எல்லாத்துலயும் ஒசந்தது இதுதான்னான் சார். என் பிள்ளைக்கு ஒசந்ததா வாங்கணும்னு நெனைச்சேன்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? எந்தத் தகப்பன்தான் அப்படி நினைக்க மாட்டான்?

பள்ளியில் இருந்த இரட்டை விசிறிக் குட்டியைப் பையனிடம் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் பள்ளி முடிந்து ஒரு பேட்டரி அளவு பயிற்சி. முதல் வாரத்தில் இரண்டு முறை இறக்கை போனது. மூன்றாவது வாரத்தில் கரும்பலகைக்கு முன்னால் அதை அசையாமல் நிறுத்தி, மேசை மேல் வைத்த ஒரு புத்தகத்தின் மீது இறக்கினான்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவை வரவழைத்தோம். வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மகன் பறக்கவிட்டதைப் பேசாமல் பார்த்தார். பிறகு கருவியைத் தாமே கையில் வாங்கி விசையைத் தள்ளினார். குட்டி நேரே போய்க் கூரையில் மோதி விழுந்தது. அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

பையன் ஓடிப்போய் எடுத்து வந்தான். "ஒண்ணும் ஒடையலைப்பா. மெதுவா தள்ளணும். வாலு நம்ம பக்கம் இருக்கணும். இங்க பாருங்க" என்று அப்பாவின் பெரிய விரலைப் பிடித்து விசையின் மேல் வைத்தான்.

உடைந்த ஹெலிகாப்டர் இன்னும் அந்த வீட்டு அலமாரியின் மேல்தான் இருக்கிறது. இறக்கை வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது காத்திருக்கட்டும்.

பெற்றோர்களே, பிள்ளைக்கு வாங்கும்போது உயர்ந்தது எது என்று கேட்காதீர்கள். ஏற்றது எது என்று கேளுங்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது ஹெலிகாப்டருக்கும் பொருந்தும்.