இரண்டு அட்டை, இருமடங்கு வேகமா?

கணினி விளையாட்டுக்கு வரைகலை அட்டை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? ஒன்றே போதும் என்பது நம் கருத்து. காரணங்களைப் பார்ப்போம்.

திண்டுக்கல் பக்கத்துத் தோட்டக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் போட்டால் தண்ணீர் இருமடங்காகுமா? ஊற்று சுரப்பதுதானே கிடைக்கும்! அதுபோல, கணினியின் செயலி கணக்குப் போட்டு அனுப்பினால்தான் அட்டை படம் வரையும். செயலி தாமதித்தால் இரண்டு அட்டைகளும் சும்மா காத்திருக்கும்.

இரட்டை அட்டை முறையில், பெரும்பாலும் ஒரு படத்தை ஓர் அட்டையும் அடுத்த படத்தை மற்றொன்றும் வரையும். புதிய படத்துக்கு முந்தைய படத்தின் விவரம் தேவைப்பட்டால் வேலை தடைப்படும். நினைவகமும் கூடுவதில்லை. இரண்டிலும் ஒரே விவரங்கள் பதிவதால், 8 ஜிகாபைட் அட்டைகள் இரண்டு இருந்தாலும் பயன்படுவது 8 ஜிகாபைட்தான்.

2004இல் 'எஸ்.எல்.ஐ.' என்ற பெயரில் இரட்டை அட்டை முறையைக் கொண்டுவந்த என்விடியா நிறுவனமே, 2022இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையில் அதற்கான இணைப்பை நீக்கிவிட்டது.

மின்செலவையும் எண்ணுங்கள். 350 வாட் அட்டைகள் இரண்டு 4 மணி நேரம் முழுவீச்சில் ஓடினால் 2.8 யூனிட் செலவாகும். அத்தனையும் வெப்பமாக அறையில் பரவும். நம் ஊர்ச் சித்திரை வெயில் போதாதா?

முப்பரிமாணப் படத் தயாரிப்பு போன்ற, தனித்தனியே பிரித்துச் செய்யக்கூடிய வேலைகளுக்கு இரண்டு அட்டைகள் உதவும். விளையாட்டுக்கோ, பெற்றோர் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் நல்ல அட்டை ஒன்றை வாங்குவதே அறிவுடைமை.