வெம்மை வளர்த்த பூச்சிப்படை

நிலவுலகு வெப்பமுறுகின்றது என்னுங்கால், பனிமலை உருகுவதையும் கடல் உயர்வதையுமே பலரும் எண்ணுவர். அவ்வெம்மை உழவனின் வயலில் ஆறு கால்களோடும் இரண்டு இணைச் சிறகுகளோடும் வந்திறங்கும் என்பதை எண்ணுவார் சிலரே. 2018 முதல் அரபுத் தீவக்குறையில் தொடங்கிக் கீழை ஆப்பிரிக்காவை அலைக்கழித்த பாலை வெட்டுக்கிளிப் பெருக்கம், அவ்வுண்மையை உலகோர்க்குக் காட்டிற்று.

2018 மேத் திங்களில் ‘மெகுனு’ என்னும் புயலும், அக்டோபரில் ‘லுபான்’ என்னும் புயலும் அரபிக்கடலில் எழுந்து, அத் தீவக்குறையின் தென்பால் உள்ள மாபெரும் மணற்பாலையில் மழையைக் கொட்டின. வறண்ட மணலிடையே ஏரிகள் தோன்றின. புல்லும் செடியும் முளைத்தன. வெட்டுக்கிளியின் முட்டை வளர ஈர மணல் வேண்டும். பொரித்த குஞ்சு வளரப் பசுந்தழை வேண்டும். இரண்டும் ஒருங்கே வாய்க்கவே, ஒன்பது திங்களில் மூன்று தலைமுறை தோன்றி, அதன் தொகை 8,000 மடங்காகப் பெருகிற்று என ஒன்றிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு கணித்தது. ஆளில்லாப் பாலையாதலின், அப்பெருக்கத்தைத் தொடக்கத்திலேயே கண்டு தடுப்பார் இல்லை.

தனித்து வாழுங்கால் வெட்டுக்கிளி எளிய பூச்சியே. நெருக்கம் மிகுந்து ஒன்றோடொன்று உராயத் தொடங்கியதும், அதன் நிறமும் இயல்பும் மாறுகின்றன, பூச்சி படையாகின்றது. ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் 8 கோடி வரை இருக்கலாம். அவை ஒரு நாளில் தின்பது 35,000 மக்களின் ஒரு நாள் உணவுக்கு ஒப்பாகும்.

அப்படை ஏமனுக்குள் புகுந்தபோது, அங்கு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மாந்தர் மாந்தரை அழிப்பதில் முனைந்திருந்த நிலத்தில் பூச்சியை அழிப்பது எங்ஙனம்? 2019இல் அது கடல் கடந்து சோமாலியாவிலும் எத்தியோப்பியாவிலும் இறங்கிற்று. அவ்வாண்டு இந்தியப் பெருங்கடலின் மேல்பகுதி வழக்கத்தினும் வெம்மையுற்றமையால், கீழை ஆப்பிரிக்காவில் பெருமழை பெய்தது. திசம்பரில் ‘பவன்’ புயலும் சோமாலியாவைத் தாக்கியது. மீண்டும் ஈரம், மீண்டும் முட்டை. கென்யா 70 ஆண்டுகளில் காணாத தாக்குதலைக் கண்டது. 2020 மேத் திங்களில் இராசத்தானின் செய்ப்பூர் நகர்மேலும் வெட்டுக்கிளிக் கூட்டம் பறந்தது.

வெட்டுக்கிளி உழவின் பழம்பகை. இப்பெருக்கம் முழுவதையும் உலக வெம்மையின் தலையில் ஏற்றுதல் முறையன்று. எனினும் கடல்நீர் சூடேறச் சூடேறப் புயலின் வலிமையும் மழையும் மிகும். அரபிக்கடலில் அண்மைப் பதிற்றாண்டுகளில் கடும்புயல்கள் மிகுந்துள்ளமையை ஆய்வாளர் கண்டுள்ளனர். பூச்சியின் உடல்வெப்பம் சூழலின் வெப்பத்தைச் சார்ந்தது. ஆகலின், வெம்மை ஏறினால் அது ஓர் எல்லைவரை விரைந்து வளரும், மிகுதியாகத் தின்னும். வெப்பம் ஒரு பாகை உயருந்தோறும், நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றில் பூச்சியால் நேரும் இழப்பு 10 முதல் 25 விழுக்காடு மிகும் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. 1960 முதல் பயிர்ப்பூச்சிகளும் நோய்களும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நிலமுனைகளை நோக்கி நகர்ந்து வருகின்றன என்று 2013ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. குளிர் காத்துவந்த வேலி சரிகின்றது.

கரியையும் கன்னெய்யையும் எரித்துச் செழித்தவை தொழில்வள நாடுகள். அப்புகையில் சோமாலிய உழவனின் பங்கு மிகச் சிறிது. இழப்பிலோ அவன் பங்கு பெரிது. ஒருவர் எரிக்க மற்றொருவர் வேகும் இம்முறைகேட்டை, நஞ்சு தெளித்துத் தீர்த்துவிட முடியாது. நஞ்சு பகைப்பூச்சியோடு தேனீயையும் கொல்லும். வெட்டுக்கிளியைத் தாக்கும் பூஞ்சையை 2020இல் சோமாலியா பயன்படுத்தியமை, வேறு வழியும் உண்டு என்பதற்குச் சான்று.

நாட்டெல்லை பூச்சிக்கு இல்லை. ஆகவே அதனைக் காணும் கண்ணுக்கும் எல்லை இருத்தல் ஆகாது. புயல் ஓய்ந்த மறுநாளே பாலையை ஆராயும் விழிப்பும், கண்டதை அண்டை நாட்டுக்கு ஒளியாது உரைக்கும் நேர்மையும், புகையைக் குறைக்கும் துணிவும் வேண்டும். மணலுக்குள் முட்டையாய்க் கிடக்கும்போது அழிக்கத்தக்க பகையைச் சிறகு முளைக்கவிட்டு, வானத்தை நோக்கிப் புலம்புவதால் ஒரு கதிரும் மிஞ்சாது.