ஓரத்தில் போகிறவர்கள்

மிதிவண்டியைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை வெளிவந்தால், அதில் என்ன இருக்கும் என்பதை வாசிக்காமலேயே சொல்லிவிடலாம். மணிக்கணக்கில் வாடகை வண்டி, குரங்குப் பெடல், அப்பாவின் ராலே, இறுதியில் ஒரு பெருமூச்சு. இந்த நினைவேக்கத்தின் மீது எங்களுக்குச் சலிப்பு மட்டுமல்ல, கோபமும் உண்டு. மிதிவண்டி இறந்துவிட்டதென்று இவர்களுக்கு யார் சொன்னது?

திண்டுக்கல்லிலிருந்து பழனி சாலையில் நாள்தோறும் மிதிவண்டியில் கல்லூரிக்குச் செல்லும் ஆசிரியர்கள் நாங்கள் மூவர். நூற்பாலைத் தொழிலாளியும் பால்காரரும் கொத்தனாரும் அதே சாலையில் எங்களுக்கு முன்னும் பின்னும் மிதித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

வியப்புகளுக்குக் குறைவில்லை. ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று காலையில் எங்களை இறங்கித் தள்ளவைக்கும். மாலையில் அதே காற்று முதுகில் கைவைத்து வீடுவரை கொண்டுவந்து விடும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வரும் லாரியில் இருப்பது வெங்காயமா கொத்தமல்லியா என்பதை மூக்கே சொல்லிவிடும். திண்டு போன்ற கல் என்று ஊர்ப்பெயருக்கு வகுப்பில் பலமுறை விளக்கம் சொல்லியிருக்கிறோம். அந்தி வெளிச்சத்தில் சமவெளியில் தனியே கிடக்கும் அப்பாறையை நோக்கி மிதித்து வந்தபோதுதான் அது எங்களுக்கே விளங்கிற்று.

ஆயினும் எங்களைப் பெரிதும் வியக்கவைப்பது அரசு. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம் பின்னர் மாணவர்க்கும் பிற சமூகத்தினர்க்கும் விரிந்தது. நல்ல திட்டம், அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் வண்டியைக் கொடுத்த கை, அது ஓடவேண்டிய இடத்தைப் பிடுங்கிக்கொண்டதை யார் கேட்பது? சாலைக்கு மேல் சாலையாகத் தார் போடுகிறார்கள். விளிம்பு மண்ணைவிட நான்கு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. பேருந்துக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கியவன் மீண்டும் ஏறும்போது சக்கரம் வழுக்குகிறது. சென்ற ஆண்டு எங்கள் கண்ணெதிரே பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி அப்படித்தான் விழுந்தாள். முழங்கால் கிழிந்திருந்தது. காரை நிறுத்தி இறங்கிய பெரியவர், "ஓரமாகப் போகக்கூடாதா அம்மா?" என்றார். அவள் விழுந்ததே ஓரத்தில்தான்.

இங்கிருந்து கிழக்கே அதிகத் தொலைவில் இல்லாத புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் மிதிவண்டியை எழுத்தறிவின் பகுதியாகவே கொண்டது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அதை எழுதியவர் பி. சாய்நாத், ஆங்கிலத்தில். அதன் இந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. நம் படைப்பாளிகளோ இன்னும் அப்பாவின் ராலேயைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்! கல்குவாரிக்கு மிதித்துப் போன அந்தப் பெண், நம் சிறுகதைகளில் எத்தனை முறை வந்திருக்கிறாள்?

எங்கள் கல்லூரியில் கார்களுக்குக் கூரை உண்டு. மிதிவண்டிகளுக்கு ஜெனரேட்டர் அறையின் பின்புறம், வெயிலில். "பேராசிரியர் ஆகியும் இன்னும் சைக்கிளா?" என்று எங்களைக் கேட்பவர்களில் இருவர், மிதிவண்டியைப் பற்றி மிக உருக்கமாகக் கட்டுரை எழுதியவர்கள்.